ஜாக் காசிடியின் மூன்று கொலைகாரர்கள்



நடிப்புக்கலை பற்றி ஆண்டுக்கொருமுறை ஒருவரை அழைத்துப் பேசச் சொல்லும் இந்த அறக்கட்டளையின் மேடையில், எனக்கு முன் பேசிய பெரியவர்கள் அநேகமாக நாயகர்களையே எடுத்துக்கொண்டார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பவர் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடருக்கு மூன்று முறை விருந்தாளியாக வந்தவர். மூன்று முறையும் கொலை செய்தார், மூன்று முறையும் பிடிபட்டார். தொடரின் பெயர் ‘கொலம்போ’. நடிகரின் பெயர் ஜாக் காசிடி. ஐந்தாண்டு இடைவெளிக்குள் அவர் நடித்த அந்த மூன்று கொலைகாரர்களையும் அருகருகே நிறுத்திப் பார்த்தால், வில்லன் வேடம் என்ற கலையைப் பற்றிப் பாடப்புத்தகங்கள் சொல்லாத சில செய்திகள் கிடைக்கின்றன. அவற்றைச் சொல்லவே வந்திருக்கிறேன்.

தொடரின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். சங்கர்லாலையும் கணேஷ்-வசந்தையும் படித்து வளர்ந்த நமக்குத் துப்பறியும் கதை என்றால், பெரும்பாலும் கடைசிப் பக்கம்வரை இழுத்துக்கொண்டு போகும் கேள்வி ‘யார் செய்தது?’ என்பதுதான். கொலம்போவில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. படம் தொடங்கியதும் கொலைகாரனைத்தான் பார்க்கிறோம். அவன் திட்டம் போடுவதையும், கொல்வதையும், தடயத்தைத் துடைப்பதையும் கூடவே இருந்து பார்க்கிறோம். அதற்குப் பிறகுதான் கசங்கிய மழைக்கோட்டும் கையில் சுருட்டுமாக லெப்டினன்ட் கொலம்போ வந்து சேர்கிறார். கதையைத் தலைகீழாகச் சொல்லும் இந்த முறையை 1912-இல் வெளிவந்த ‘தி சிங்கிங் போன்’ தொகுப்பில் ஆங்கில எழுத்தாளர் ஆஸ்டின் ஃப்ரீமன் கையாண்டு காட்டினார். பள்ளிக்கூடத் தோழர்களாகிய ரிச்சர்ட் லெவின்சனும் வில்லியம் லிங்கும் அதைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தார்கள். 1968-இல் ஒரு தனிப்படமாகவும், 1971 முதல் தொடராகவும் பீட்டர் ஃபாக்கின் நடிப்பில் அது வளர்ந்தது. இடையில் பத்தாண்டு நின்று, மறுபடி தொடங்கி 2003 வரை நடந்தது. எல்லாம் சேர்த்து 69 படங்கள்.

இந்த அமைப்பினால் நடிகர் ஒருவருக்கு நேர்வது என்ன? மற்றத் துப்பறியும் தொடர்களில் கொலைகாரனாக வருகிறவர் கடைசிக் காட்சிவரை தன்னை மறைத்துக்கொண்டே நடிக்கவேண்டும். ஐந்தாறு பேரில் ஒருவராக ஓரத்தில் நின்று, முடிவில் மட்டும் நிமிரவேண்டும். கொலம்போவில் வருகிறவருக்கு முதல் காட்சியே அவருடையது. துப்பறிவாளர் திரைக்கு வருவதற்கு முன் ஏறக்குறைய இருபது நிமிடம் படத்தை அவர்தான் தாங்குகிறார். அவரை நாம் வெறுத்தால் மட்டும் போதாது. அவரோடு சேர்ந்து கொஞ்சம் மூச்சைப் பிடித்துக்கொள்ளவும் வேண்டும். அடுத்த படத்தில் வேறொருவர் அந்த இடத்துக்கு வந்துவிடுவார். விருந்தாளி என்று பெயர் இருந்தாலும் அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு வீட்டுச் சாவி அவர் கையில்தான் இருக்கிறது.

இந்தத் தொடரில் சிலர் திரும்பத் திரும்ப அழைக்கப்பட்டார்கள். ராபர்ட் கல்ப் மூன்று முறை கொலைகாரர். பேட்ரிக் மக்கூஹன் நான்கு முறை. வில்லியம் ஷாட்னரும் ஜார்ஜ் ஹாமில்டனும் இரண்டிரண்டு. மக்கூஹன் ஒவ்வொரு முறையும் புது மனிதராக வருவார். ராணுவப் பள்ளித் தளபதியின் இரும்புக் குரலும், உளவுத்துறை அதிகாரியின் வழுக்கலான பேச்சும் ஒரே தொண்டையிலிருந்து வந்தவை என்று நம்புவது கடினம். இந்தத் தொடருக்காக அவர் இரண்டு எம்மி விருதுகள் வாங்கினார். கல்ப் வேறு வழி. துப்பறியும் நிறுவனத் தலைவன், கால்பந்து அணி நிர்வாகி, விளம்பர மனவியலாளன் என மூன்று தொழில், ஆனால் ஒரே எரிச்சல். கொலம்போ வாசலில் நின்று ‘இன்னும் ஒன்றே ஒன்று’ என்று திரும்பும்போது கல்ப்பின் தாடை இறுகுவதைப் பார்ப்பதற்கென்றே ஒரு கூட்டம் உண்டு.

காசிடி இந்த இருவர் வழியிலும் போகவில்லை. அவர் முகத்தை மாற்றிக்கொள்ளவில்லை, எரிச்சலும் படவில்லை. அவரிடம் இருந்தது ஒரு புன்னகை. மூன்று படங்களிலும் அதே புன்னகைதான். அதற்கு அடியில் இருக்கும் ஆள் மட்டும் ஒவ்வொரு முறையும் வேறு.

அந்தப் புன்னகை எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். 1927-இல் நியூயார்க்கில் பிறந்த காசிடி பிராட்வே இசைநாடக மேடையில் வளர்ந்தவர். 1963-இல் அரங்கேறிய ‘ஷீ லவ்ஸ் மீ’ நாடகத்தில் வாசனைத் திரவியக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே பெண்களை மயக்கித் திரியும் விற்பனையாளனாக நடித்ததற்கு டோனி விருது பெற்றார். பிறகு ‘ஹீ அண்ட் ஷீ’ என்ற நகைச்சுவைத் தொடரில் தன் அழகில் தானே மயங்கிக் கிடக்கும் நடிகன் வேடம். ஆக, கொலம்போவுக்கு வரும்போதே அவரிடம் பளபளக்கும் ஆண் ஒருவனின் உடல்மொழி முழுதாகத் தேறியிருந்தது. கைக்குட்டை மடிப்பிலிருந்து கோப்பையைத் தூக்கும் விரல்வரை அரங்கின் கடைசி வரிசைக்கும் தெரியும்படி செய்யப் பழகிய உடம்பு அது. சின்னத் திரைக்கு இது மிகையல்லவா என்று நீங்கள் கேட்கலாம். மிகைதான். அந்த மிகையைத்தான் மூன்று இயக்குநர்களும் கதைக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

முதல் படம் ‘மர்டர் பை த புக்’. 1971 செப்டம்பர் 15 அன்று ஒளிபரப்பானது, தொடரின் முதல் வாரம். எழுதியவர் ஸ்டீவன் போச்கோ. இயக்கியவர் அப்போது 24 வயது ஸ்டீவன் ஸ்பீல்பெர்க். தொடக்கத்தில் பின்னணி இசை கிடையாது. தட்டச்சுப்பொறி அடிபடும் ஓசை மட்டும். உயர்ந்த கட்டடம் ஒன்றின் அறையில் ஒருவன் எழுதிக்கொண்டிருக்கிறான். சாலையில் ஒரு கார் அந்தக் கட்டடத்தை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. கார் நெருங்க நெருங்க அதே டக்டக் ஓசை. எழுதுகிறவன் ஜிம் ஃபெரிஸ். காரில் வருகிறவன் கென் ஃபிராங்க்ளின், நம் காசிடி. இருவர் பெயரிலும் மிஸஸ் மெல்வில் என்ற கிழவி துப்பறியும் நாவல்கள் வரிசையாக வந்து புகழ் குவித்திருக்கின்றன. உண்மையில் ஒவ்வொரு வரியையும் எழுதியவன் ஜிம். பேட்டி கொடுப்பது, தொலைக்காட்சியில் தோன்றுவது, விருந்துகளில் சிரிப்பது ஆகியவை கென்னின் பங்கு. இனி தனியாக எழுதப்போகிறேன் என்று ஜிம் சொன்னதுதான் அவன் செய்த குற்றம்.

கென்னின் திட்டம் சின்னது, அழகானது. நண்பனைத் தொலைவில் உள்ள தன் ஏரிக்கரை வீட்டுக்கு அழைத்துப் போகிறான். அங்கிருந்து மனைவிக்குத் தொலைபேசியில் ‘அலுவலகத்தில் வேலையாக இருக்கிறேன்’ என்று சொல்லவைக்கிறான். பேச்சு நடுவில் சுடுகிறான். கணவன் நகரத்து அலுவலகத்தில் சுடப்பட்டான் என்று அந்தப் பெண் காதால் கேட்டே சாட்சி சொல்வாள். கென்னோ அந்நேரம் பல மைல் தள்ளி இருந்தவன். காசிடி இந்தக் கொலையை ஒரு விருந்து உபசாரம் போலச் செய்கிறார். கதவு திறந்துவிடுவதிலும் தோளில் தட்டுவதிலும் அப்படி ஒரு தாராளம். நண்பனைக் கொல்லும் மனிதன் இவ்வளவு இலகுவாக இருக்க முடியுமா என்று நமக்குத் தோன்றும்போதே, இலகுவாக இருப்பதைத் தவிர இவனுக்கு வேறெதுவும் தெரியாது என்பதும் புரிகிறது.

ஆனால் ஒருத்தி பார்த்துவிடுகிறாள். ஏரிப் பக்கம் மளிகைக்கடை நடத்தும் லில்லி லா சாங்கா. தனிமையில் வாடும், கென்னை ஆராதிக்கும் பெண். அவள் காசு கேட்பதில் பேராசையைவிட அவன் தன்னைத் திரும்பிப் பார்க்கவேண்டும் என்ற ஏக்கம் கூடுதல். கென் ஷாம்பெயினோடு அவள் வீட்டுக்குப் போகிறான். இந்தக் காட்சியில் காசிடி செய்யும் வேலையை நான் பலருக்கும் பார்க்கச் சொல்வதுண்டு. அவர் அவளைக் கேலியாகப் பார்ப்பதில்லை. உண்மையிலேயே மயங்கிய ஆண்போலத்தான் பேசுகிறார். அவள் நம்புவதற்கு அது போதும். நமக்கு மட்டும், அந்தப் பார்வை அவள் முகத்தில் தங்காமல் அவ்வப்போது பாட்டிலுக்குப் போய்விட்டு வருவது தெரிகிறது. அந்தப் பாட்டிலே ஆயுதமாகிறது.

இங்கேதான் போச்கோவின் எழுத்து உயரம் தொடுகிறது. கொலம்போவை உறுத்துவது இரண்டு கொலைகளின் தர வேறுபாடு. முதல் கொலை அபாரமான மூளையின் வேலை. இரண்டாவது கைக்கு வந்தபடி செய்தது. ஒருவனே இரண்டையும் செய்திருந்தால், முதல் யோசனை அவனுடையதாக இருக்க முடியாது. எழுதத் தெரியாதவனுக்கு அப்படி ஒரு கதை எங்கிருந்து கிடைத்தது? ஜிம்மின் பழைய துண்டுக் குறிப்புகளைக் கொட்டித் தேடினால், அதே திட்டம் ஒரு காகிதத் துணுக்கில் கிடக்கிறது. அதைப் படித்துக் காட்டியதும் கென் ஒப்புக்கொள்கிறான். ஆனால் தயங்கித் தலைகுனிந்து அல்ல. அந்த யோசனை தன்னுடையதுதான், தன் வாழ்நாளில் உருப்படியாகத் தோன்றிய ஒரே யோசனை அது, பல ஆண்டுக்கு முன் ஜிம்மிடம் சொன்னேன், அவன் எழுதி வைப்பான் என்று யார் கண்டது என்கிறான். தன் மேல் சுமத்தப்பட்ட கொலையைவிட, தனக்குக் கற்பனை இல்லை என்ற குற்றச்சாட்டுத்தான் அவனைச் சுடுகிறது. காசிடியின் முகத்தில் அப்போது வரும் புன்னகை படத்தின் தொடக்கத்தில் பார்த்த புன்னகை அல்ல. முதல் முறையாக அது யாரையும் கவர்வதற்காக வரவில்லை.

இதே படத்தில் இன்னொரு நுணுக்கம். நண்பனின் உடலைத் தன் வீட்டுப் புல்வெளியிலேயே கிடத்திவிட்டு, காவல்துறைக்குச் சொல்லிவிட்டு, வந்திருந்த தபால்களைக் கென் பிரித்துப் பார்த்திருக்கிறான். கொலம்போ அதைக் கவனித்துக் கேட்கிறார். வாசலில் நண்பன் பிணமாகக் கிடக்கும்போது ரசீதுகளைப் பிரிக்கும் மனநிலை எப்படி வரும்? பெரிய பெரிய தடயங்களைக் கடந்து போகலாம். உறையைக் கிழிக்கும் அந்த விரல்கள் மட்டும் போதும், கென் யாரென்று சொல்ல.

இரண்டாவது படம் ‘பப்ளிஷ் ஆர் பெரிஷ்’. 1974 ஜனவரி 18. எழுதியவர் பீட்டர் ஃபிஷர், இயக்கம் ராபர்ட் பட்லர். இப்போது காசிடி ரைலி கிரீன்லீஃப் என்ற பதிப்பாளர். அவருக்குப் பணம் கொழிக்கும் கதைகளாக எழுதித் தந்த ஆலன் மாலரி, தீவிரமான ஒரு வியட்நாம் போர் நாவலை எழுதிக்கொண்டு வேறு பதிப்பகத்துக்குப் போகப் பார்க்கிறான். மாலரியாக நடித்தவர் ‘மைக் ஹாமர்’ நாவல்களை எழுதிய மிக்கி ஸ்பிலேன். கோடிக்கணக்கில் விற்ற உண்மையான மர்ம எழுத்தாளர் ஒருவரையே, பதிப்பாளர் கொல்லப்போகும் எழுத்தாளராக உட்காரவைத்த துணிச்சல் எனக்கு மிகவும் பிடிக்கும்.

இங்கே கொலை செய்பவன் கூலி ஆள், வெடிகுண்டுப் பித்தன் எடி கேன். எதை வேண்டுமானாலும் எப்படி வெடிக்கவைப்பது என்று அவன் எழுதிய புத்தகத்தை அச்சிட்டுத் தருவதாகக் கிரீன்லீஃப் வாக்குக் கொடுத்திருக்கிறான். திட்டத்தின் சூட்சுமம், எல்லாத் தடயங்களும் கிரீன்லீஃபையே காட்டவேண்டும் என்பது. அவனுடைய துப்பாக்கி, அவனுடைய விரல்ரேகை. தடயம் அவ்வளவு வெளிச்சமாக இருந்து, அந்நேரம் அவன் வேறிடத்தில் குடித்துவிட்டுக் காரை மோதிக்கொண்டிருந்தான் என்று நிரூபணமானால், யாரோ அவன்மேல் பழி போட முயல்கிறார்கள் என்று ஊரே நம்பிவிடும். கொலை நடக்கும்போது திரை மூன்றாகப் பிரிகிறது. ஒரு பக்கம் மாலரி ஒலிப்பதிவுக் கருவியில் நாவலைச் சொல்லிக்கொண்டிருக்கிறான், ஒரு பக்கம் கேன் நெருங்குகிறான், இன்னொரு பக்கம் கிரீன்லீஃப் ஊரறியக் குடிகாரனாகத் தள்ளாடுகிறான்.

அந்தத் தள்ளாட்டத்தைச் சற்று நின்று பார்க்கவேண்டும். காசிடி இங்கே குடிகாரனாக நடிக்கவில்லை. குடிகாரனாக நடிக்கும் ஒருவனாக நடிக்கிறார். இரண்டும் ஒன்றல்ல. உண்மையில் குடித்தவன் நிதானமாக இருப்பதாகக் காட்டிக்கொள்ளப் பாடுபடுவான். கிரீன்லீஃப் தான் நிதானம் இழந்ததாகக் காட்டிக்கொள்ளப் பாடுபடுகிறான். பாத்திரத்தின் நடிப்பு ஒரு நூலிழை கூடுதலாக இருக்கவேண்டும், நடிகரின் நடிப்பு அளவோடு இருக்கவேண்டும். மது விடுதியில் மற்றவர்களை வம்புக்கு இழுக்கும்போது அவர் குரல் தேவைக்குமேல் ஓர் இழை உயர்கிறது. சாட்சிகளுக்கு அது போதையாகத் தெரியும். நமக்குச் சாட்சி தேடும் மனிதனின் கணக்காகத் தெரியும்.

ஆனாலும் மூன்றில் இந்தப் படத்தையே நான் கடைசியில் வைப்பேன். கதையில் பற்சக்கரங்கள் அதிகம். பூட்டை மாற்றியது எப்போது, சாவி யாரிடம் என்று கொலம்போவின் பொறி நன்றாகவே வேலை செய்கிறது. கிரீன்லீஃபுக்கு மட்டும் உள்ளே ஆள் குறைவு. கென்னுக்கு எழுத வராது என்ற ஆறாத புண் இருந்தது. இவனுக்கு வியாபாரம் கைநழுவுகிறது என்ற கோபம்தான். கூட்டாளி கேனையும் தீர்த்துக்கட்டப் போகும்போது இவனும் ஷாம்பெயினைத்தான் கொண்டுபோகிறான். அதில் மருந்து கலந்திருக்கிறது. அதே நடிகர், அதே மது, அதே நல்ல விருந்தாளியின் பாவனை. ஆனால் லில்லி வீட்டில் நமக்கு வலித்தது இங்கே வலிப்பதில்லை. அங்கே ஏமாற்றப்பட்டது ஒரு மனம், இங்கே ஒரு கருவி. எதிரில் நிற்பவர் யார் என்பதைப் பொறுத்தே வில்லனின் கொடுமைக்கு எடை ஏறுகிறது என்பதற்கு இந்த இரண்டு ஷாம்பெயின் காட்சிகளைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை.

கிரீன்லீஃபைக் கவிழ்த்த கடைசி அடி மட்டும் முதல் படத்தின் தரத்தில் நிற்கிறது. மாலரி தன் கதையைத் திருடிவிட்டான் என்று கேன் கருதியதாகக் காட்ட, மாதக்கணக்கில் முந்தைய தேதியிட்ட ஒரு கதைச் சுருக்கத்தைக் கிரீன்லீஃப் கேனின் இடத்தில் வைக்கிறான். அதில் நாவலின் முடிவும் இருக்கிறது. அந்த முடிவோ மாலரிக்கே அண்மையில்தான், அவனுடைய இலக்கிய முகவரான பெண் சொல்லித் தெரிந்தது. புத்தகம் போடுகிறவன், புத்தகம் எப்படி உருவாகிறது என்று அறியாததால் மாட்டிக்கொள்கிறான்.

மூன்றாவது, ‘நவ் யூ சீ ஹிம்’. 1976 பிப்ரவரி 29. எழுதியவர் மைக்கேல் ஸ்லோன், இயக்கியவர் ஹார்வி ஹார்ட். காசிடி இப்போது ‘கிரேட் சாண்டினி’, இரவு விடுதியில் மாயாஜால நிகழ்ச்சி நடத்தும் மந்திரக்காரர். பூட்டிய பெட்டிக்குள் அடைபட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கப்படுவார். சபை மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில், ரகசிய வழியாகக் கீழே இறங்கி, பரிமாறுபவன் உடையில் சமையலறையைக் கடந்து, விடுதி உரிமையாளர் ஜெஸ்ஸி ஜெரோமின் அறைப் பூட்டைத் திறந்து சுட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார். கீழறையில் அவர் இருந்தார் என்பதற்கு, அவர் குரல் கேட்டுப் பிராந்தி கொண்டுவந்து கொடுத்த பணியாளரே சாட்சி. முந்தைய இரு படங்களிலும் மது கொலைக்கு முன்னோடி. இதில் மது சாட்சி.

ஜெரோம் ஏன் சாகவேண்டும்? சாண்டினியின் உண்மைப் பெயர் ஸ்டெஃபான் முல்லர். நாஜி வதைமுகாமில் எஸ்.எஸ். காவலனாக இருந்தவன். அதைத் தெரிந்துகொண்ட ஜெரோம் அவன் வருமானத்தைக் கறந்துகொண்டிருக்கிறான், மறுத்தால் குடியேற்றத் துறைக்குக் கடிதம் போவதாக மிரட்டுகிறான். இது எழுத்தாளர் வானத்திலிருந்து பறித்துவந்த காரணம் அல்ல. படம் வெளிவருவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 1973-இல்தான், நியூயார்க்கில் சாதாரண இல்லத்தரசியாக வாழ்ந்துகொண்டிருந்த ஹெர்மினே பிரான்ஸ்டைனர் ரயன் என்ற முன்னாள் முகாம் காவலாளி அமெரிக்காவிலிருந்து மேற்கு ஜெர்மனிக்கு விசாரணைக்காக ஒப்படைக்கப்பட்டிருந்தாள். பக்கத்து வீட்டில் இருப்பவர் யார் என்ற கேள்வி அந்நாட்டில் அப்போது உயிரோடு இருந்தது.

இந்த வேடத்தில் காசிடி அடைந்த உயரம் பற்றிப் பேசத்தான் இவ்வளவு தூரம் உங்களை அழைத்துவந்தேன்.

கென்னுக்கு எந்தத் திறமையும் இல்லை. கிரீன்லீஃபுக்கு விற்கத் தெரியும். சாண்டினி உண்மையான கலைஞன். அவன் விரல்களுக்குள் வாழ்நாள் உழைப்பு இருக்கிறது. ஒரு நாட்டில் பெயரைப் புதைத்துவிட்டு இன்னொரு நாட்டில் புதுப் பெயரில், புதுத் தோரணையில், கூட நின்று உதவும் மகளோடு ஒரு வாழ்க்கையைக் கட்டியிருக்கிறான். முதல் இரு படங்களிலும் புன்னகை அந்த ஆளின் முழு உயரமாக இருந்தது. அதைச் சுரண்டினால் அடியில் ஒன்றும் இல்லை. இங்கே அதைச் சுரண்டினால் பயம் தெரிகிறது. ஜெரோமோடு பேசும் காட்சியில் காசிடியின் வாய் சிரித்தபடியே இருக்கிறது. தோள்கள் மட்டும் ஒரு கணம் இறுகிப் பழைய சிப்பாயின் நிலைக்குப் போய்த் திரும்புவதாக எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும். சீருடையை எங்கேயும் காட்டாமல் சீருடைக்காரனைக் காட்டுகிற நடிப்பு இது.

கொலம்போ இவனைப் பொறியில் சிக்கவைக்கும் முறையும் வேறு. ஜெரோமின் அறைக்கு எளிதில் திறக்க முடியாத பூட்டு. சாண்டினியால் அதைத் திறக்க முடியும் என்று காட்டவேண்டும். நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போது கொலம்போ மேடையேறி, அதே வகைப் பூட்டுள்ள கைவிலங்கைச் சபை முன்னிலையில் அவனுக்கு மாட்டிவிடுகிறார். திறந்தால் சந்தேகம் வலுக்கும். திறக்காவிட்டால் கிரேட் சாண்டினி ஊர் சிரிக்கத் தோற்றுப்போவான். காசிடி அந்தச் சில நொடிகளில் கொலம்போவைப் பார்க்கிறார், சபையைப் பார்க்கிறார், மறுபடி கொலம்போவைப் பார்க்கிறார். பிறகு திறந்துவிடுகிறார். கென்னைக் கவிழ்த்தது தன்னிடம் இல்லாத திறமைமேல் அவனுக்கு இருந்த ஆசை. சாண்டினியைக் கவிழ்த்தது தன்னிடம் இருந்த திறமைமேல் அவனுக்கு இருந்த மானம். மேடை ஏறிப் பழகியவர்களுக்கு இந்தக் காட்சி அடிவயிற்றைப் பிசையும். கைதட்டலா உயிரா என்று கேட்டால் எந்தக் கலைஞனும் உயிர் என்றுதான் சொல்வான். விளக்கு வெளிச்சத்தில் நிற்கவைத்துக் கேட்டால் பதில் வேறாக வரும்.

கடைசித் தடயம் ஜெரோமின் தட்டச்சுப்பொறியில் இருக்கிறது. குடியேற்றத் துறைக்கு அவன் அடித்துக்கொண்டிருந்த கடிதத்தைச் சாண்டினி எடுத்துப் போய்விட்டான். ஆனால் அந்தப் பொறியில் இருந்தது பழைய துணி ரிப்பன் அல்ல. கார்பன் ரிப்பன். துணி ரிப்பன் முன்னும் பின்னுமாக ஓடி, எழுத்துமேல் எழுத்தாக விழுந்து எதையும் படிக்க முடியாமல் செய்துவிடும். கார்பன் ரிப்பன் ஒரே திசையில் ஓடும், ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு புது இடம். அடித்த கடிதம் முழுவதும் ரிப்பனில் எழுத்து எழுத்தாக வெட்டுப்பட்டு அப்படியே கிடக்கும். கொலம்போ கடிதத்தை நீட்டியதும், சாண்டினி தன் வித்தையால் அதைத் தீச்சுடரில் மறைத்துவிடுகிறான். கொலம்போவோ இன்னொரு நகலை எடுக்கிறார். அந்த ஒரு தருணத்துக்கு மந்திரக்காரர் அவர்.

இப்போது மூன்றையும் சேர்த்து ஒன்று கவனியுங்கள். முதல் படத்தில் கென்னைப் பிடித்துக் கொடுத்தது ஜிம் எழுதிய துண்டுக் காகிதம். இரண்டாவதில் கிரீன்லீஃபைப் பிடித்துக் கொடுத்தது இன்னொருவர் மனத்தில் உதித்த ஒரு நாவலின் முடிவு. மூன்றாவதில் முல்லரைப் பிடித்துக் கொடுத்தது செத்தவன் அடித்த கடிதம். மூன்று முறையும் எழுத்து. மூன்று முறையும் வேறொருவர் எழுத்து. கதாசிரியர்கள் மூன்று வேறு ஆட்கள், இயக்குநர்களும் அப்படியே. கூடிப் பேசி வைத்துச் செய்ததாக நான் சொல்ல வரவில்லை. அந்த முகத்துக்கு எழுத உட்கார்ந்தவர்களுக்கு, பிறர் உழைப்பின்மேல் தன் பெயரைப் பொறித்துக்கொண்டு நிற்கும் மனிதன்தான் இயல்பாகக் கண்ணில் தெரிந்திருக்கிறான் என்பதே என் கருத்து. காசிடியைப் பார்த்தவுடன் ‘இந்த ஆள் எழுதமாட்டான், கையெழுத்துப் போடுவான்’ என்று தோன்றுகிறது. ஒரு நடிகரின் உடம்பு கதையைத் தன் பக்கம் வளைக்கும் விதம் இது. வேடம் நடிகரைத் தேடி வருகிறது என்று நாம் மேலோட்டமாகச் சொல்வதுண்டு. இங்கே நடிகரைச் சுற்றி ஒரு வகைக் குற்றமே உருவாகியிருக்கிறது.

அதனால்தான் திரும்ப வரும் விருந்தாளியை ‘அதே வில்லன்தானே’ என்று தள்ளிவிட முடியாது என்கிறேன். ஒருமுறை வந்து போன கொலைகாரனை அவன் கதையை வைத்தே அளக்கிறோம். இரண்டாவது முறை வரும்போது முதல் வேடம் அளவுகோலாகக் கூடவே வந்து நிற்கிறது. கிரீன்லீஃப் கோப்பையை நீட்டும்போது லில்லியின் முகம் நமக்கு நினைவு வருகிறது. சாண்டினி சிரிக்கும்போது கென் ஒப்புக்கொண்ட நொடி நினைவு வருகிறது. 1976-இல் அந்தக் கைவிலங்குக் காட்சியைப் பார்த்த அமெரிக்க நேயருக்கு, கதைக்குள் இருக்கும் கொலம்போவுக்குத் தெரியாத ஒன்று தெரிந்திருந்தது. இந்த மனிதர் ஏற்கெனவே இரண்டு முறை இதே இடத்தில் நின்றிருக்கிறார். மக்கூஹனிடம் இது நேராது, அவர் ஒவ்வொரு முறையும் தன்னை அழித்துவிட்டு வருவதால். அது பெரிய கலைதான், மறுக்கவில்லை. ஆனால் வேடங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வேண்டுமானால் நடுவில் மாறாத ஏதோ ஒன்று வேண்டும். காசிடி அந்தப் புன்னகையை மாற்றாமல் வைத்திருந்ததைச் சோம்பல் என்று சொல்வதை நான் ஏற்கவில்லை.

பீட்டர் ஃபாக்கின் பங்கையும் விடக்கூடாது. கல்ப்போடு இருக்கும்போது கொலம்போ தொந்தரவு செய்கிறவர். காசிடியோடு இருக்கும்போது ரசிகர். கென்னிடம் எழுத்தாளர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே இருப்பார். சாண்டினியிடம் வித்தையின் ரகசியம் கேட்பார். ரசிகர் முன்னிலையில் காசிடியின் ஆள் மலர்கிறான். மலர்ந்தால் பேசுகிறான், பேசினால் அகப்படுகிறான். ஜிம்மின் மனைவிக்காகக் கொலம்போ சமையலறையில் ஆம்லெட் போட்டுத் தரும் காட்சி ஒன்று முதல் படத்தில் உண்டு. துக்கத்தில் இருக்கும் பெண்ணுக்கு ஏதோ செய்யவேண்டும் என்ற கைகளின் பதற்றம் அதில் இருக்கும். கென் அந்தப் பெண்ணிடம் சொல்லும் ஆறுதல் வார்த்தைகள் அத்தனையும் சரியானவை, அழகானவை. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், நாயகனுக்கும் வில்லனுக்கும் உள்ள தூரத்தை வசனம் இல்லாமலே அளந்துவிடலாம்.

சாண்டினி படம் வெளிவந்த அதே ஆண்டு டிசம்பர் 12 அன்று, தாம் குடியிருந்த வீட்டில் நேர்ந்த தீவிபத்தில் காசிடி இறந்துபோனார். வயது 49. நான்காவது முறை அவர் வந்திருந்தால் என்ன வேடம் கொடுத்திருப்பார்கள் என்று யோசிப்பதில் பயனில்லை. ஆனால் மாணவர்கள் இந்த மூன்று படங்களையும் பார்க்கப் போவதானால், வெளியான வரிசையிலேயே பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கையை மட்டும் கவனித்து ஒருமுறை பாருங்கள். கென்னின் கைகள் எப்போதும் எதையாவது பிடித்துக்கொண்டிருக்கும், கோப்பை, தபால் உறை, அடுத்தவர் தோள். சாண்டினியின் கைகள் வெறுமையாக இருக்கும்போதுதான் அவனை நம்பக்கூடாது என்று தோன்றும். நடிப்புப் பயிற்சிக்கு இந்த ஒரு வேறுபாட்டை வைத்தே ஒரு வாரம் பாடம் நடத்தலாம்.